மாடலில் மட்டும் பொருந்திய பல்

இசக்கி,

நீ கேட்ட கடிதம் இது இல்லை. நீ கேட்டது ஒரு பக்கம், ஆங்கிலத்தில். நீயே டைப் செய்து, திங்கட்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாய். இவன் ஆறு வருஷம் எங்கள் பல் லேபில் வேலை பார்த்தான், கம்ப்யூட்டர் டிசைன் முழுவதும் இவன் பொறுப்பு, தரம் பார்ப்பதில் கெட்டிக்காரன், இவன் செய்த கேப் திரும்பி வந்ததே அபூர்வம், தாராளமாக நம்பலாம் என்று அதில் இருக்கிறது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு. ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு போய் அந்தப் பெரிய லேபில் சேரும்போது இதைக் காட்ட வேண்டுமாம். இன்றைக்கு வியாழக்கிழமை. "சைன் பண்ணிட்டியாம்மா?" என்று தினமும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்கிறாய். நானும் தினமும் பேனாவைத் தேடுகிற மாதிரி நடிக்கிறேன். எனக்கு நடிக்க வராது என்று உனக்குத் தெரியும், இருந்தும் நீ கவனிக்கவில்லை. அந்தக் கோட்டில் கையெழுத்துப் போடுவதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், நேரம் ஆகும். ஆகட்டும். வாட்ஸப்பில் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போகிற மாதிரி இதைத் தள்ளிவிட முடியாது.

அம்மா கோபத்தில் எழுதியிருக்கிறாள் என்று நினைப்பாய். என் கோபம் உனக்குப் பழக்கம்தானே. கத்துவேன், பாத்திரத்தை டங்கென்று வைப்பேன், அரை மணி நேரத்தில் "ஏலே, சாப்பிட வா" என்று கூப்பிடுவேன். இது அது இல்லை. போன வாரத்தில் இருந்து எனக்குக் கத்தவே வரவில்லை. நீ என்னை ஏமாற்றிவிட்டாய். தெரியாதவர்கள் ஏமாற்றினால் நாலு பேரிடம் சொல்லித் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். உன்னைப் பற்றி நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

இந்த லேபை நான் எப்படி ஆரம்பித்தேன் என்ற கதையை உனக்கு மறுபடி சொல்லப் போவதில்லை. பாளையங்கோட்டையில் இருந்து உன் அப்பாவின் வேலைக்காக ஐதராபாத் வந்தது, போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னால் வெங்காய மண்டிக்கு மேலே ஒரு ரூமில் இரண்டு மோட்டாரும் ஒரு அடுப்புமாக உட்கார்ந்தது, எல்லாம் கேட்டுக் கேட்டு உனக்குச் சலித்துப்போயிருக்கும். நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். நம் லேபில் ஒவ்வொரு அளவையும் ஏன் இரண்டு தடவை ஊற்றுகிறோம் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. டாக்டர் வாயில் பசையை அழுத்தி எடுத்து அனுப்பும் அச்சுதான் அளவு; அதில் ஸ்டோன் மாவைக் கரைத்து ஊற்றினால் அந்தப் பல்வரிசையே ஒரு மாடலாகக் கிடைக்கும். அதைத்தான் எல்லா லேபிலும் அறுத்து, செதுக்கி, அதன் மேல் பல்லுக்கு மாட்டும் உறையை, கேப்பை, செய்வார்கள். நாம் மட்டும் அதே அளவில் இன்னொரு தடவை ஊற்றி, அந்த இரண்டாவது மாடலை யாரும் தொடாமல் என் அலமாரியில் பூட்டி வைப்போம். கேப் முடிந்து பளபளவென்று வந்த பிறகு நான் அதை எடுப்பேன். அதன் மேல் கேப்பை உட்கார வைத்து, லென்ஸுக்குக் கீழே ஊசியால் விளிம்பைச் சுற்றி வருவேன். ஊசி எங்கேயாவது தடுக்கினால் கேப் திரும்பப் போகும். தடுக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தால்தான் சீட்டில் என் பச்சை மைக் கையெழுத்து. அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு வாயில் வைத்துப் பார்க்காமலே சிமென்ட் கலக்கிவிடுகிற டாக்டர்கள் உண்டு. "அப்படிச் செய்யாதீங்க" என்று நானே அவர்களைத் திட்டியிருக்கிறேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

அந்த இரண்டாவது மாடல் யோசனை உன் அப்பாவுடையது. ஜீடிமெட்லாவில் அவர் வேலை பார்த்த மருந்துக் கம்பெனியில் ஒவ்வொரு தயாரிப்பிலும் கொஞ்சம் எடுத்து மூடி முத்திரை வைத்துத் தனியாக வைப்பார்களாம். நாளைக்கு யாராவது குறை சொன்னால் அதைத் திறந்து பார்ப்பார்கள். "நீயும் ஒண்ணு எடுத்து வையி, தொடாம வையி" என்றார். அவர் ஏன் அதைச் சொன்னார் என்பதுதான் நான் உன்னிடம் மறைத்த கதை. உனக்குப் பத்தொன்பது வயசு, காலேஜ் லீவில் லேபுக்கு வந்து மாவு கரைத்துக் கொண்டிருந்தாய். ஒரு கல்யாணப் பெண்ணுக்கு, விழுந்த முன்பல்லின் இடத்தை அடைக்கும் பிரிட்ஜ் அன்று சாயங்காலமே வேண்டும் என்று டாக்டர் குதித்தார். பிரிட்ஜ் பக்கத்துப் பல்லில் இடித்தது, மாடலில் உட்காரவில்லை. இடிக்கிற இடத்தைப் பிரிட்ஜில் தேய்த்தால் மறுபடி பாலிஷ், மறுபடி அடுப்பு, நேரம் இல்லை. நான் கத்தியை எடுத்து மாடலில் இருந்த பக்கத்துப் பல்லைச் சுரண்டினேன். பிரிட்ஜ் ஜம்மென்று உட்கார்ந்தது. நீ பார்த்துக்கொண்டிருந்தாய். "அது அந்தப் பொண்ணோட பல்லுல்லம்மா, அத ஏன் சுரண்டுற?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "வாயில சரியாயிரும்ல" என்றேன். சரியாகவில்லை. அந்தப் பெண் தாலி கட்டிக்கொள்ளும்போது ஈறு வீங்கி வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாளாம். அதைக் கேட்டு நான் வீட்டில் அழுதபோதுதான் அப்பா அந்த யோசனையைச் சொன்னார். என் கையை நானே நம்பக் கூடாது என்பதற்காகத்தான் அந்த இரண்டாவது மாடல், இசக்கி. உன்னிடம் சட்டத்தை மட்டும் சொன்னேன். நான் செய்த திருட்டைச் சொல்லவில்லை. சொன்னால் உன் கண்ணில் நான் இறங்கிப்போவேன் என்று பயம். நீ "சரியாயிரும்" என்பதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டாய் போல.

அப்புறம் ஸ்கேன் வந்தது. டாக்டர்கள் வாய்க்குள் கேமராவை விட்டு எடுத்து அனுப்பிவிடுகிறார்கள், அளவும் இல்லை, மாவும் இல்லை. நீதான் எல்லாவற்றையும் கொண்டுவந்தாய், நீதான் கற்றாய், அந்தப் பெருமையை நான் பறிக்க மாட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார எனக்குப் பயம். தப்பாக எதையாவது அமுக்கி முழுவதும் அழிந்துவிடுமோ என்று மவுஸைத் தொடவே மாட்டேன். நீயும் ஜிலானி பாயும் அதைச் சொல்லிச் சிரிப்பீர்கள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஸ்கேனில் இருந்து மாடலை 3டி பிரிண்டரில் அடித்துக் கொடு, அதுவும் இரண்டாகக் கொடு, ஒன்று உனக்கு, ஒன்று என் அலமாரிக்கு என்றேன். "அம்மா, ரெண்டும் ஒரே ஃபைல்தான், எதுக்கு வேஸ்டு?" என்று சொன்னாய். ஆனாலும் அடித்துக் கொடுத்தாய். மூன்று வருஷமாகத் தவறாமல் கொடுத்தாய். என் மகன் என் சட்டத்தைக் காப்பாற்றுகிறான் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

எட்டு மாதத்துக்கு முன்னால் சைனிக்புரி டாக்டர் மாதவி போன் செய்தார். ரிட்டயர்டு டீச்சர் ஒருவருக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் கேப். "மேடம், ஒரு பக்கம் விளிம்பு கொஞ்சம் குட்டையா இருக்கிற மாதிரி இருக்கு" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் அலமாரியைத் திறந்து மாடலை எடுத்து, அந்தக் கேப்பின் சீட்டைப் பார்த்தேன். என் பச்சைக் கையெழுத்து இருந்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு திமிர். "டாக்டர், மாடலில் முடி நுழைய இடமில்லாமல் உட்கார்ந்தது. நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டது. நீங்கள் பல்லை அரைத்ததில்தான் கோளாறு, லேபைச் சொல்லாதீர்கள்" என்று பொரிந்து தள்ளினேன். அந்த அம்மா போனை வைத்துவிட்டார். நீ பக்கத்தில்தான் இருந்தாய். ஸ்கிரீனில் இருந்து தலையைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாய். அந்த நிமிஷம் நீ வாயைத் திறந்திருந்தால், "அம்மா, அவங்க சொல்றது சரி" என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால், எல்லாம் அங்கேயே நின்றிருக்கும்.

போன வாரம் நீ பெங்களூரில் ரூம் பார்க்கப் போயிருந்தபோது டாக்டர் மாதவியிடம் இருந்து ஒரு பார்சல் வந்தது. பேங்கில் வேலை பார்க்கிற ஒருவருக்கு நாம் அனுப்பின கேப், கூடவே பழைய முறையில் வாயில் எடுத்த அளவு. இந்தத் தடவை போன் இல்லை. "நீங்களே ஊற்றிப் பாருங்கள் மேடம்" என்று ஒரு துண்டுச் சீட்டு மட்டும். நான் வீறாப்பாகத்தான் மாவைக் கரைத்தேன். காயும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கேப்பை எடுத்து வைத்தேன். உட்கார்ந்தது. ஊசியை விட்டேன். ஒரு சுற்று முடியவில்லை, தடுக்கியது. நகத்தால் தொட்டாலே படியாகத் தெரிந்தது. அலமாரியில் இருந்த பிரிண்டர் மாடலில் அதே கேப்பை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டு மாடலையும் கைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரே ஆளுடைய ஒரே பல், இரண்டும் வேறு வேறாக இருந்தது.

ஜிலானி பாயைக் கூப்பிட்டு, டாக்டர் அனுப்பின ஸ்கேனைத் திறக்கச் சொன்னேன். "மேரேகு நக்கோ பூச்சோ மேடம், சோட்டே சாப்கு பூச்சோ" என்று கையைக் கழுவப் போய்விட்டார். என்னைக் கேட்காதே, சின்னவரைக் கேள் என்றால் என்ன அர்த்தம்? குழாயடியிலேயே போய் நின்றுகொண்டேன். பன்னிரண்டு வருஷம் எனக்கு முன்னால் உட்கார்ந்து பீங்கான் பூசுகிற மனுஷன், என் முகத்தைப் பார்க்காமல், "ஹவ் மேடம், மாலூம் தா" என்றார். தெரியுமாம். அப்புறம் வந்து திறந்து காட்டினார். ஈறு ஓரத்தில் ரத்தமோ எச்சிலோ, ஸ்கேன் ஒரு பக்கம் மழையில் நனைந்த மாதிரி கலங்கிக் கிடக்கிறது. விளிம்பு எங்கே முடிகிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அடுத்தது உன் ஃபைல். கலங்கின இடத்தை வழித்துச் சமன் செய்து, குத்துமதிப்பாக ஒரு கோடு போட்டு, அந்தக் கோடுதான் பல்லின் விளிம்பு என்று வைத்துக்கொண்டு கேப்பைச் செய்திருக்கிறாய். அதோடு விட்டிருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன். அந்தக் கோட்டை வைத்தே மாடலையும் அடித்திருக்கிறாய். நான் கேட்டேன் என்பதற்காக இரண்டு அடித்திருக்கிறாய். கேப்பும் உன் கற்பனை, பல்லும் உன் கற்பனை. இரண்டும் பொருந்தாமல் எங்கே போகும்? நான் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூன்று வருஷமாக எதைச் சோதித்தேன்? டாக்டர்களை ஏமாற்றுவதற்காக நீ அந்த மாடலை அடிக்கவில்லை. அவர்கள் கையில் உண்மையான வாய் இருக்கிறது. அந்த மாடலைப் பார்க்கிற ஒரே ஆள் நான்தான். என் ஒருத்தியை ஏமாற்றுவதற்காக உட்கார்ந்து ஒரு பல்லைச் செய்திருக்கிறாயே, பாவி.

அப்போதும் உனக்கு ஒரு வழி வைத்தேன். வெள்ளிக்கிழமை நீ திரும்பி வந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "அந்த பேங்க்காரர் கேஸு, ஸ்கேன் நல்லா இருந்துச்சால?" என்று கேட்டேன். நீ என் கண்ணைப் பார்த்தாய். "பக்காவா இருந்துச்சும்மா. ஏன், டாக்டர் ஏதாவது லொள்ளு பண்றாங்களா?" என்றாய். சிரித்தாய் வேறு. அவசரத்தில் ஒரு கோடு போட்டதைக்கூட நான் மன்னித்துவிடுவேன், நானும் சுரண்டினவள்தான். அந்தச் சிரிப்பைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

சனிக்கிழமை ஆட்டோ பிடித்து சைனிக்புரிக்குப் போனேன், டாக்டர் மாதவியிடம் மன்னிப்புக் கேட்க. அங்கே அந்த டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார். குட்டையான விளிம்பு வழியாகச் சாப்பாடு புகுந்து, உள்ளுக்குள் அழுகி, போன மாதம் பல்லையே பிடுங்க வேண்டியதாகிவிட்டது. நான்தான் அந்தக் கேப் செய்த லேப் என்று சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு, "பர்லேதம்மா, வயசைபோயிந்தி கதா" என்றார். வயசாகிவிட்டதாம், அதனால் போனதாம், என்னைத் தேற்றுகிறார்! தப்பு நம்முடையது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லியும் அவருக்கு ஏறவே இல்லை. உள்ளே போனதும் டாக்டர் கதவைச் சாத்தினார். நான் மன்னிப்புக் கேட்டு முடிக்கவிடவில்லை. "மேடம், இன்னொன்று இருக்கிறது. சார் பல்லிலும் அதே மாதிரிதான். வைக்கும்போதே பார்த்தேன். அன்றைக்கு நீங்கள் போனில் திட்டிய பிறகு, உங்கள் வீட்டுப் பல்லைப் பற்றி உங்களிடமே குறை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை" என்றார். அவர் சொல்லியிருக்க வேண்டும்தான். அவர் வாயை அடைத்தது யார்? நான். உன் மாடலை நம்பி, உனக்காக வரிந்து கட்டிக்கொண்டு, நான்.

உன் அப்பாவின் மேல் கடைவாய்ப்பல், வலது பக்கம். ஐந்து மாதத்துக்கு முன்னால் நீ செய்தது. வீட்டில் முதல் தடவையாக உன் கையால் ஒரு பல் என்று அன்றைக்குப் பாயசம் வைத்தேன். தினமும் நடக்கப் போகிற இடத்தில் அவர் எல்லோரிடமும் கன்னத்தை இழுத்துக் காட்டுகிறார், "மா அப்பாயி சேசாடு", எங்க பையன் செஞ்சது என்று. பார்த்தவர்களுக்கே மறுபடி காட்டுகிறார். ஆனால் கொஞ்ச நாளாக முறுக்கை டீயில் நனைக்கிறார், எதையும் இடது பக்கமே ஒதுக்கி மெல்லுகிறார். நீயும் தினம் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாய். "என்னங்க, பல்லு கூசுதா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, வயசாகுதுல்லா" என்கிறார். டீச்சரம்மா சொன்ன அதே வார்த்தை. செவ்வாய்க்கிழமை நீ வெளியே போன பிறகு, சும்மா பார்க்கிறேன் என்று சொல்லி ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, கண்ணாடியும் ஊசியும் வைத்துப் பார்த்தேன். அவர் வாயை ஆவென்று திறந்துகொண்டு, "எப்படி? எம்மவன் வேலை எப்படி?" என்று குழறிக் கேட்கிறார். ஊசி தடுக்கியது. நான் "நல்லாருக்கு" என்று சொன்னேன். அவரிடம் நான் சொன்ன பொய்களில் இதுதான் கேவலமானது. அதையும் உனக்காகத்தான் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது மாடல் ஏன் என்று சொல்லாமல் விட்ட தப்பை இன்னொரு தடவை செய்ய மாட்டேன், அதனால் இதைக் கேட்டுக்கொள். பெங்களூரில் உனக்குப் பெரிய ஸ்கிரீன் கொடுப்பார்கள், ஒரு நாளைக்கு இத்தனை கேஸ் என்று விரட்டுவார்கள். விளிம்பு தெரியாத ஸ்கேன் அங்கேயும் வரும். அப்போது போனை எடுத்து, "டாக்டர், எனக்குத் தெரியலை, இன்னொரு தடவை எடுங்க" என்று சொல். திட்டுவார்கள், வேறு லேபுக்குப் போய்விடுவேன் என்று மிரட்டுவார்கள், சிலர் போயும் விடுவார்கள். போகட்டும். "எவரு சூஸ்தாரம்மா" என்று நீ அடிக்கடி சொல்வாயே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று, அதை நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன், சிரித்திருக்கக் கூடாது. எனக்குத் தெரியவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தத் தொழிலையே விட்டுவிடு, வேறு எதையாவது செய்து பிழைத்துக்கொள். நான் வருத்தப்பட மாட்டேன்.

உன் ஃபைல்களை ஜிலானி பாயும் நானுமாக ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆமாம், நானேதான், மவுஸைப் பிடித்துக்கொண்டு. கலங்கின ஸ்கேன் எதுவெல்லாம் இருக்கிறதோ அந்த டாக்டர்களுக்கு நானே போன் செய்கிறேன். நேற்று மூன்று பேர் வாய்க்கு வந்தபடி பேசினார்கள், கேட்டுக்கொண்டேன். நீ வைத்த காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. கிழித்தும் போடவில்லை. இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன், என் பெயரை மட்டும் கோடு போட்டு அடித்துவிட்டேன். என் பச்சைக் கையெழுத்து இனிமேல் எனக்குத் தெரியாமல் எங்கேயும் போகக் கூடாது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு டாக்டர் மாதவி அப்பாவை வரச் சொல்லியிருக்கிறார். அந்தக் கேப்பை அறுத்து எடுத்துவிட்டு அளவு எடுப்பார், நான் ஊற்றிக்கொள்வேன். இந்தத் தடவை வேறு யாராவது செய்வார்கள். எதற்குப் போகிறோம் என்று அப்பாவுக்கு இன்னும் தெரியாது. சும்மா சுத்தம் பண்ண என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் நான் சொல்ல மாட்டேன், நீ சொல். இந்தக் கடிதத்தை அவர் கையில் திணித்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளாதே. எதிரில் உட்கார்ந்து, உன் வாயால் சொல். நாளைக் காலையில் அவர் நடந்துவிட்டு வந்து, இன்றைக்கு யாரிடம் எல்லாம் பல்லைக் காட்டினேன் என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவார். அப்போது சொல்.

அம்மா